துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போகும் பையில் என்னென்ன இருக்க வேண்டும்? ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல் பழகுபவர்களின் கேள்விகள்

கோடை விடுமுறை வந்தால் ரைபிள் கிளப்புகளுக்குப் புதுப் பிள்ளைகள் வருவார்கள், கூடவே அம்மா அப்பாவும் வருவார்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இரண்டு ஒலிம்பிக்கில் ஆடியதையும், சென்னையில் பிறந்த ககன் நரங் 2012இல் லண்டனில் வெண்கலம் வாங்கியதையும், 2024இல் பாரிஸில் மனு பாக்கர் இரண்டு பதக்கம் வென்றதையும் பார்த்து ஆசைப்பட்டு வருகிறவர்கள். வந்ததும் முதல் கேள்வி, "என்னென்ன வாங்கணும் சார்?" என்பதுதான். பயிற்சி நேரத்தில் நின்று விளக்க முடியாததை எல்லாம் இங்கே எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் 10 மீட்டர் தள்ளி இருக்கும் டார்கெட்டைச் சுடும் பிரிவைப் பற்றித்தான், ஏனென்றால் நம்மில் எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறோம். பாதுகாப்புக்கானது முதலில், கை கழுவுவதற்கானது அடுத்து, அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் நாள் போகிறோம். என்ன வாங்கிக்கொண்டு போக வேண்டும்?

எதையும் வாங்க வேண்டாம். துப்பாக்கி, பெல்லட் என்கிற சின்ன ஈயக் குண்டு, டார்கெட் எல்லாம் கிளப்பில் இருக்கும். வீட்டில் இருப்பதை வைத்தே பையை நிரப்பலாம்: அடிப்பாகம் தட்டையான கான்வாஸ் ஷூ, உடம்போடு படியும் காட்டன் டி-ஷர்ட், டிராக் பேன்ட், தண்ணீர் பாட்டில், சிறிய துண்டு, ஒரு கட்டி சோப், நோட்டு, பேனா, ஆதார் நகல், இரண்டு புகைப்படம். முடி நீளமாக இருந்தால் ரப்பர் பேண்ட் அல்லது கிளிப். துப்பட்டா, தொங்கும் சங்கிலி, வளையல் வேண்டாம். செருப்பு போட்டுக்கொண்டு வர வேண்டாம்.

ஓடுவதற்கான தடித்த ரன்னிங் ஷூவைவிடப் பழைய கான்வாஸ் ஷூ நல்லது. மெத்தென்ற அடிப்பாகத்தில் நின்றால் உடம்பு லேசாக ஆடிக்கொண்டே இருக்கும்.

சில பெற்றோர் சேர்ந்த வாரமே லட்சக்கணக்கில் செலவழித்துச் சொந்தத் துப்பாக்கி வாங்கிவிடுகிறார்கள். பிள்ளைக்கு ரைபிள் பிடிக்குமா பிஸ்டல் பிடிக்குமா என்றே தெரிந்திருக்காது. வளரும் வயதில் கையின் அளவும் தோளின் அளவும் மாறிக்கொண்டே இருக்கும். சில மாதம் கிளப் துப்பாக்கியில் பழகட்டும், கோச் சொன்ன பிறகு வாங்குங்கள்.

சரி, சொந்தத் துப்பாக்கி வந்துவிட்டது. பையில் முதலில் வைக்க வேண்டியது எது?

சேஃப்டி லைன். ஆரஞ்சு அல்லது வேறு பளிச்சென்ற நிறத்தில் இருக்கும் பிளாஸ்டிக் கயிறு. விலை மிகக் குறைவு, ஆனால் ஐ.எஸ்.எஸ்.எஃப். என்கிற சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படி இது இல்லாமல் துப்பாக்கி பெட்டியை விட்டு வெளியே இருக்கக் கூடாது. பெல்லட் போடும் இடத்தில் நுழைத்தால் குழல் முழுக்க ஓடி முனையில் தலை நீட்ட வேண்டும். அப்படி இரண்டு பக்கமும் கயிறு தெரிந்தால், உள்ளே பெல்லட் இல்லை, துப்பாக்கி சுடும் நிலையில் இல்லை என்று பத்தடி தள்ளி நிற்பவருக்கும் ஒரே பார்வையில் புரிந்துவிடும். கயிறு குட்டையாக இருந்து முனை வரை வராவிட்டால், குழலுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் உங்கள் குழலின் நீளத்தைவிடச் சற்றுக் கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டு கயிறு வைத்திருங்கள். ஒன்று துப்பாக்கியிலேயே இருக்கட்டும், இன்னொன்று பையின் வெளி ஜிப்பில். வீட்டில் பெட்டிக்குள் வைக்கும்போதும் கயிறு உள்ளேதான் இருக்க வேண்டும். ரேஞ்சில் அதிகாரி சொன்ன பிறகுதான் பெட்டியைத் திறப்பது, துப்பாக்கி எப்போதும் டார்கெட்டைப் பார்த்தபடி இருப்பது, சுட்டு முடித்ததும் கயிறை நுழைத்துக் காட்டுவது, இந்த மூன்றும் கைப்பழக்கமாகிவிட வேண்டும். ஏர் கன்தானே என்று யாராவது சொன்னால் அவர் பக்கத்தில் நிற்காதீர்கள். 4.5 மி.மீ. ஈயக் குண்டு கண்ணில் பட்டால் பார்வை போய்விடும்.

ஏர் கன்னுக்குப் பெரிய சத்தம் இல்லையே, காதுக்கு எதற்கு?

ஒரு துப்பாக்கியின் சத்தம் பெரிதில்லை. மூடிய ஹாலில் வரிசையாகப் பலர் சுடும்போது, அதுவும் மணிக்கணக்கில், காது களைத்துவிடும். நுரை இயர் பிளக் இரண்டு ஜோடி போதும், ஒரு சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள். பாட்டு கேட்கும் இயர்பட்ஸைக் காதில் வைத்துக்கொண்டு லேனில், அதாவது நின்று சுடும் இடத்தில், நிற்கக் கூடாது. ஒலி எழுப்பும் எந்தக் கருவிக்கும் போட்டியில் அனுமதி இல்லை, அதைவிட முக்கியமாக, ரேஞ்ச் அதிகாரியின் "ஸ்டாப்" உங்கள் காதில் விழ வேண்டும்.

கண்ணுக்கு உடையாத பிளாஸ்டிக் கண்ணாடி. பவர் கண்ணாடி அணிபவர்களுக்கு அதுவே ஓரளவு காப்பு.

சோப் எதற்கு? சானிடைசர் இருக்கிறதே?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

நாம் சுடும் பெல்லட் ஈயம். டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போடும்போது விரல் நுனியில் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு படியும், வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தால் தெரியும். டார்கெட் பக்கம் பெல்லட் இரும்பில் மோதி நொறுங்குவதால் அங்கே தூசியும் இருக்கும். அந்தக் கையோடு வாழைப்பழம் உரித்தால் ஈயம் வயிற்றுக்குள் போகிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் கெடுதல், இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவு எதுவும் கண்டறியப்படவில்லை. 10, 12 வயதுப் பிள்ளைகள் வாரத்தில் பல நாள் வந்து பழகும் விளையாட்டு இது. பெற்றோர் இதை ஒரு சடங்காகவே ஆக்கிவிட வேண்டும்.

சானிடைசர் கிருமியைக் கொல்லும், ஈயத்தை அகற்றாது. சோப் போட்டுத் தேய்த்து, ஓடும் தண்ணீரில், நக இடுக்கு வரை கழுவ வேண்டும். வெந்நீர் வேண்டாம், குழாயில் வரும் தண்ணீர் போதும். ரேஞ்சில் சோப் இருக்கும் என்று நம்பிப் போகாமல் பையில் ஒரு சோப்புப் பெட்டி வையுங்கள். ஈர டிஷ்யூ பாக்கெட்டும் ஒன்று இருக்கட்டும், ஆனால் அது கழுவும் வரைக்கும் தாங்குவதற்கு மட்டும்.

தண்ணீர் பாட்டிலை லேனில் பெல்லட் டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மூடியைக் கையால் தொடாமல் குடிக்கக்கூடிய பாட்டிலாக இருந்தால் நல்லது. பெல்லட்டை வாயில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுக்கும் பழக்கம் பழைய ஆட்கள் சிலரிடம் உண்டு, பிள்ளைகள் அதைப் பார்த்துச் செய்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரேஞ்சில் போட்ட டி-ஷர்ட்டைத் தனி கவரில் போட்டு எடுத்து வந்து, தனியாகத் துவையுங்கள். பெல்லட் டப்பா சமையலறைப் பக்கமே வரக் கூடாது.

ரைபிளுக்கு எவ்வளவு உடை தூக்க வேண்டும்?

நிறைய. ஜாக்கெட், பேன்ட், ஷூ, கையுறை, தொப்பி. ரைபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். அதைத் தாங்கி 75 நிமிடத்தில் 60 குண்டு சுடும்போது முதுகுக்கும் இடுப்புக்கும் துணையாக நிற்பது அந்த விறைப்பான கான்வாஸ் உடைதான். எவ்வளவு விறைப்பாகவும் எவ்வளவு தடிமனாகவும் இருக்கலாம் என்பதற்கு அளவு உண்டு. ஜாக்கெட் துணியின் தடிமன் ஓர் இடத்தில் 2.5 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஷூவின் அடிப்பாகம் 10 மி.மீ., கையுறை முன்னும் பின்னும் சேர்த்து 12 மி.மீ. போட்டியில் இதையெல்லாம் கருவி வைத்து அளப்பார்கள். விதிப் புத்தகம் அவ்வப்போது மாறும், அதனால் மற்றவரிடமிருந்து பழைய ஜாக்கெட் வாங்குகிறீர்கள் என்றால் கோச்சிடம் காட்டிவிட்டு வாங்குங்கள்.

ஜாக்கெட்டுக்கு உள்ளே போடும் துணிக்கும் அதே 2.5 மி.மீ.தான். நம் ஊர் வெயிலில் ஸ்வெட்டர் போட யாருக்கும் தோன்றாது, ஆனால் டெல்லி, போபால் போட்டிகளுக்குக் குளிர்காலத்தில் போகும்போது அம்மாக்கள் தடித்த தெர்மல் எடுத்துவைப்பார்கள். அதைக் காத்திருக்கும் நேரத்தில் போட்டுக்கொள்ளலாம்.

மெல்லிய காட்டன் டி-ஷர்ட் இரண்டு, முடிந்தால் மூன்று. ஏ.சி. இல்லாத ஹாலில் ஜாக்கெட்டைப் போட்டு அரை மணி நேரம் நின்றால் உள்ளே போட்டது நனைந்து உடம்போடு ஒட்டும், ஜாக்கெட் வழுக்கி இடம் மாறும், அதோடு நிற்கும் நிலையும் மாறும். நடுவில் ஒரு முறை மாற்றிக்கொள்வது பெரிய வித்தியாசம். சாக்ஸுக்கும் இதே கதை. எப்போதும் ஒரே தடிமனில் வாங்குங்கள், ஷூவுக்குள் பாதம் உட்காரும் விதம் மாறக் கூடாது.

ஷூட்டிங் ஷூவைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்காதீர்கள், அடிப்பாகம் வளைந்துவிடும். அதைப் பையில் எடுத்துவந்து லேன் அருகில் மாற்றுங்கள்.

பிஸ்டல்காரர்களுக்கு?

பை சின்னது, அதுதான் பிஸ்டலின் வசதி. பிஸ்டல் 1.5 கிலோவுக்குள், ட்ரிக்கரை இழுக்கத் தேவையான எடை குறைந்தது 500 கிராம். ஜாக்கெட், பேன்ட் எல்லாம் கிடையாது. கணுக்கால் எலும்பை மூடாத தாழ்வான ஷூ வேண்டும். உயரமான பாஸ்கெட்பால் ஷூ செல்லாது.

பிஸ்டல் பிடிக்கும் கையில் வாட்ச், வளையல், ரிஸ்ட் பேண்ட் எதுவும் இருக்கக் கூடாது. கோயில் கயிறு கட்டியிருந்தால் போட்டிக்கு முந்தின நாளே நடுவரிடம் கேட்டுவிடுங்கள், லேனில் நின்றபின் கத்தரிக்கோல் தேடி மனம் சங்கடப்பட வேண்டாம்.

பிடியை நம் கைக்கு ஏற்றபடி செதுக்குவது பிஸ்டலில் பாதி வேலை. சின்னத் துண்டு உப்புத்தாளும் கொஞ்சம் மர புட்டியும் பயிற்சிப் பையில் இருக்கட்டும். போட்டிப் பையில் வேண்டாம், ஏனென்றால் இருந்தால் கை சும்மா இருக்காது. உள்ளங்கை வியர்க்கிறவர்கள் சிறிய காட்டன் துண்டு ஒன்று தனியாக வையுங்கள்.

எத்தனை பெல்லட் எடுத்துப் போவது?

போட்டி 60 குண்டு. அதற்கு முன் 15 நிமிட தயாரிப்பு நேரத்தில் எண்ணிக்கை இல்லாமல் சைட்டர், அதாவது கணக்கில் சேராத சோதனைக் குண்டு, சுடலாம், அதற்கு 20, 30 போகும். இறுதிச் சுற்றுக்கும் சேர்த்து 200 பெல்லட் இருந்தால் கவலை இல்லை.

எண்ணிக்கையைவிட அதன் நிலை முக்கியம். ஈயம் மென்மையானது. டப்பா ஒரு முறை கீழே விழுந்தால் பெல்லட்டின் பாவாடை போன்ற பின்விளிம்பு நசுங்கும், நசுங்கியது நேராகப் போகாது. நுரை வைத்த டப்பாவாகப் பாருங்கள், சட்டைப்பையில் போடாதீர்கள். 4.49, 4.50, 4.51 என்று தலையளவு டப்பாவில் அச்சடித்திருக்கும். உங்கள் குழலில் எது நெருக்கமான குரூப் தருகிறதோ, அதாவது எதில் குண்டுகள் பக்கம் பக்கமாக விழுகின்றனவோ, அதையே தொடர்ந்து வாங்குங்கள். பயிற்சிக்கு ஒரு டப்பா, போட்டிக்கு ஒரு டப்பா என்று மூடியில் மார்க்கரில் எழுதி வைத்தால் பதற்றத்தில் மாறாது.

துப்பாக்கியில் மாட்டும், அழுத்தக் காற்று அடைத்த ஏர் சிலிண்டர் பற்றிக் கவனிக்க வேண்டியது என்ன?

மூன்று விஷயம், மூன்றும் உயிர் சம்பந்தப்பட்டவை.

முதலாவது, காற்று மட்டும்தான் நிரப்ப வேண்டும். பக்கத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டர் கிடைக்கிறதே, ஒருநாள் சமாளிக்கலாமே என்று யாரும் நினைக்கவே கூடாது. உயர் அழுத்தத்தில் ஆக்ஸிஜனும் மிகச் சிறிதளவு எண்ணெயும் சேர்ந்தாலே தீப்பிடித்து வெடிக்கும். அதே காரணத்துக்காக, சிலிண்டர் இணைப்பில் தேங்காய் எண்ணெய், மெஷின் ஆயில் எதையும் தொட்டு வைக்காதீர்கள். தயாரிப்பாளர் சொன்ன கிரீஸைத் தவிர வேறெதுவும் கூடாது.

இரண்டாவது, தேதி. சிலிண்டர் உடம்பிலேயே தயாரித்த தேதியும் செல்லுபடிக் காலமும் பொறித்திருக்கும், வழக்கமாக 10 ஆண்டு. செகண்ட் ஹேண்ட் துப்பாக்கி வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். காலம் முடிந்த சிலிண்டரோடு போட்டிக்குப் போனால் பரிசோதனையில் நிறுத்திவிடுவார்கள், நிறுத்துவதும் சரிதான். 200 பார் அழுத்தத்தைத் தொடைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறோம்.

மூன்றாவது, வெயில். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் துப்பாக்கிப் பெட்டியை விட்டுவிட்டு ஹோட்டலில் சாப்பிடப் போகாதீர்கள். சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறும், ரப்பர் வளையங்களும் கெடும்.

பையில் இருக்க வேண்டியது நிரப்பும் அடாப்டர். எல்லா கம்பெனி சிலிண்டருக்கும் ஒரே அடாப்டர் பொருந்தாது. வெளியூர் போட்டியில் பெரிய சிலிண்டர் இருக்கும், காற்றும் இருக்கும், உங்கள் அடாப்டர் மட்டும் வீட்டில் இருக்கும். புறப்படும் முன் அதை ஒரு தடவை கையால் தொட்டுப் பாருங்கள்.

உபரிச் சாமான் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம்?

டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலையில், மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவில் பழுதானது. சரிசெய்யப் போன நேரம் திரும்பக் கிடைக்கவில்லை. 575 எடுத்து 12ஆவது இடம், இறுதிச் சுற்றுக்கு 2 புள்ளி குறைவு. உலகத் தரத்தில் இருப்பவருக்கே கருவி இப்படிச் செய்யும் என்பதால், உங்கள் துப்பாக்கிக்குரிய ஆலன் கீ செட், சின்ன ஸ்க்ரூ டிரைவர், ஓ-ரிங் இரண்டு மூன்று, மின் ட்ரிக்கர் என்றால் அதற்கான புது பேட்டரி, குழல் துடைக்கும் ஃபெல்ட் கட்டைகள், ரைபிளுக்கு முன் சைட் (குறிபார்க்கும் பாகம்) வளையங்களில் உங்கள் அளவுக்கு ஒன்று மேலே ஒன்று கீழே வைத்துக்கொள்ளுங்கள். இவை ஒரு பென்சில் டப்பாவுக்குள் அடங்கும். அதற்கு மேல் வேண்டாம். கோச் சொல்லாமல் ட்ரிக்கரைப் பிரித்துப் பார்க்கவும் வேண்டாம்.

டயாப்டர் என்கிற பின் சைட்டைக் கழற்றி அதன் சொந்தப் பெட்டியில் வைத்து எடுத்துப் போங்கள். அது ஒரு முறை இடிபட்டால் அன்றைய நாள் முழுக்க அதைத் திருகிச் சரிசெய்து கிளிக் எண்ணிக்கொண்டே போய்விடும்.

நோட்டில் என்ன எழுதுவது? ஸ்கோர்தான் திரையிலேயே வருகிறதே?

ஸ்கோரை எழுத வேண்டியதில்லை. அன்று டயாப்டரில் எத்தனை கிளிக் எந்தப் பக்கம் திருப்பினீர்கள், எந்த அளவு வளையம், எந்தப் பெல்லட் டப்பா, ஹாலில் வெளிச்சம் எப்படி, எத்தனையாவது குண்டில் கால் தளர ஆரம்பித்தது, இதை எழுதுங்கள். ஏர் ரைபிள் டார்கெட்டில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. அந்த அளவுக்கு நுணுக்கமான விளையாட்டில் போன மாதம் என்ன செய்தோம் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள முடியாது. மொபைலில் எழுதலாமே என்பார்கள் பிள்ளைகள். போட்டியின்போது லேனில் மொபைல் கூடாது, அதனால் காகித நோட்டு.

ஒரு கண்ணை மூடிச் சுட வேண்டுமா?

இரண்டு கண்ணும் திறந்திருக்கட்டும். ஒன்றை இறுக்கி மூடினால் முகத் தசை முழுக்க இறுகும், ஒரு மணி நேரத்தில் சுடும் கண்ணும் களைத்துவிடும். சுடாத கண்ணுக்கு முன்னால் ஒரு சின்ன மறைப்பு தொங்கவிடுவார்கள், அகலம் 30 மி.மீ.க்குள். கறுப்பு அட்டை வேண்டாம், வெளிச்சம் ஊடுருவும் வெள்ளை பிளாஸ்டிக் நல்லது. ஒரு கண் இருட்டைப் பார்த்தால் இரண்டு கண்பாப்பாவும் விரியும். பால் பாக்கெட் நிறத்தில் இருக்கும் ஃபைல் அட்டையை வெட்டிக் கிளிப்பில் மாட்டினாலே போதும்.

சாப்பிட, குடிக்க?

தண்ணீர் ஒரு லிட்டராவது. வியர்வை அதிகமென்றால் உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைத் தண்ணீர். வாழைப்பழம், பேரீச்சை, கடலை மிட்டாய். சுடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இட்லி மாதிரி லேசாக முடித்துக்கொள்ளுங்கள். தினமும் காபி குடிக்கிறவர் அன்றைக்கும் வழக்கமான அளவு குடிக்கலாம், குடிக்காதவர் அன்றைக்குப் போய் ஆரம்பிக்க வேண்டாம், நாடித்துடிப்பு சைட்டில் தெரியும். சாப்பாட்டுப் பை தனி, ஹாலுக்கு வெளியே, கை கழுவிய பிறகு.

மருந்து எடுத்துப் போகலாமா?

வழக்கமான மருந்தை எடுத்துப் போங்கள், ஆனால் சீட்டைக் கவனமாகப் படியுங்கள். பீட்டா பிளாக்கர் வகை மருந்துகள் இதயத் துடிப்பைக் குறைத்துக் கை நடுக்கத்தையும் தணிப்பதால், துப்பாக்கி சுடுதலில் அவை தடை செய்யப்பட்டவை. போட்டி நாளில் மட்டும் இல்லை, பயிற்சிக் காலத்திலும் தடைதான். ப்ரோப்ரனோலால் இந்த வகை. ஒற்றைத் தலைவலிக்கும் படபடப்புக்கும் மருத்துவர்கள் சாதாரணமாக எழுதிக் கொடுப்பது அது. பிள்ளை விளையாட்டு வீரர் என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உடல்நலத்துக்கு அவசியம் என்றால் முறைப்படி விலக்கு கேட்க வழி உண்டு. அதற்காக மருந்தைத் தானாக நிறுத்திவிடக் கூடாது, அது ஆபத்து.

தோள் வலிக்கு ஒட்டும் கலர் டேப்பையும் போட்டியில் ஒட்டிக்கொள்ள முடியாது. வலி இருந்தால் வீட்டிலேயே சரிசெய்துகொண்டு வாருங்கள்.

பஸ்ஸில், ரயிலில், விமானத்தில் துப்பாக்கிப் பெட்டியோடு போகலாமா? போலீஸ் கேட்டால்?

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மி.மீ.க்கு மேற்படாத குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் கன்னுக்கு உரிமம் வேண்டியதில்லை. போட்டித் துப்பாக்கிகளின் ஆற்றல் இதில் பாதிகூட வராது. ஆனாலும் சாலையில் நிறுத்திக் கேட்பவருக்கு அது பார்த்தவுடன் தெரியாது இல்லையா? அதனால் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் இவை இருக்கட்டும்: துப்பாக்கி வாங்கிய பில் நகல், அதில் வரிசை எண் தெளிவாக, கிளப் அடையாள அட்டை, தேசிய ரைபிள் சங்க அட்டை இருந்தால் அது, போட்டிக்குப் போகிறீர்கள் என்றால் நுழைவுக் கடிதம், ஆதார், பிறந்த தேதிச் சான்று. நிதானமாக எடுத்துக் காட்டினால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

படம் ஒட்டாத, பூட்டு உள்ள பெட்டியாக இருக்கட்டும். ரயிலில் பக்கத்து சீட்டுப் பையன் ஆசையாகக் கேட்டாலும் திறந்து காட்டாதீர்கள். பொது இடத்தில் துப்பாக்கி உருவத்தில் எதுவும் வெளியே வரக் கூடாது.

விமானத்தில் கைப்பையில் அனுமதி இல்லை, செக்-இன் சாமானில்தான் போக வேண்டும், கவுன்டரில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிலிண்டரைக் கழற்றி, காற்றை வெளியேற்றி எடுத்துப் போங்கள். ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் தனி நடைமுறை உண்டு, டிக்கெட் போடும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கி அந்தப் பதிலையும் கோப்பில் வையுங்கள்.

எது இருக்கவே கூடாது?

ஜீன்ஸ், ராணுவ உடை மாதிரிப் புள்ளி போட்ட துணி, கையில்லாத பனியன். ஐ.எஸ்.எஸ்.எஃப். உடை விதியில் இவற்றுக்கு இடமில்லை. ப்ளூடூத் சாதனங்கள். கோச்சுக்குத் தெரியாத புதுப் பொருள் எதுவும்.

எந்த வரிசையில் அடுக்குவது?

லேனில் நிற்கும்போது கடைசியாகத் தேவைப்படுவது அடியில், முதலில் தேவைப்படுவது மேலே. ரைபிள்காரருக்கு அடியில் மாற்று டி-ஷர்ட்டும் டூல் டப்பாவும், அதற்கு மேல் துப்பாக்கியை இறக்கி வைக்கும் ஸ்டாண்டும் பெல்லட்டும், அதற்கும் மேல் பேன்ட், ஷூ, கையுறை. ஜாக்கெட்டை மடிக்க வேண்டாம், மடித்தால் மடித்த கோட்டில் விறைப்பு போய்விடும். பொத்தானைத் திறந்து தட்டையாக, பெரிய பையில் தனி அறையில் வையுங்கள். கோப்பு, இயர் பிளக், உபரி சேஃப்டி லைன் வெளி ஜிப்பில்.

பையைப் பிள்ளையே அடுக்கட்டும். முந்தின நாள் இரவு, பட்டியலைப் பார்த்து, ஒவ்வொன்றாக. பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், கை வைக்க வேண்டாம். அம்மா அடுக்கிய பையில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாது. ஹாலில் அம்மா பின்னால் பார்வையாளர் வரிசையில் இருப்பார், தயாரிப்பு நேரம் ஓடிக்கொண்டிருக்கும், பிள்ளை கையுறையைத் தேடிக்கொண்டிருக்கும். இதை நான் ஒவ்வொரு மாவட்டப் போட்டியிலும் பார்க்கிறேன், பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில்?

பைக்கு மழை உறை. துப்பாக்கிப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பாக்கெட் நான்கைந்து, மாதம் ஒருமுறை மாற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் பையைத் திறந்து போட்டுவிடுங்கள். வியர்வை பட்ட ஜாக்கெட் ஒரே இரவில் நாற்றமடிக்கும், இரண்டு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். தடித்த ஹேங்கரில், நிழலில், மின்விசிறிக் காற்றில் காயட்டும், வெயிலில் வேண்டாம். துப்பாக்கியின் உலோகப் பாகத்தில் கைவிரல் பட்ட இடங்களை லேசாக எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள், சிலிண்டர் இணைப்புப் பக்கம் மட்டும் அந்தத் துணி போகக் கூடாது.

பாயின்ட் டூ டூ (.22 தோட்டா சுடும் துப்பாக்கி), ஷாட்கன் என்றால் பை மாறுமா?

மாறும். இரண்டுக்கும் உரிமம் வேண்டும், காது காப்பு கட்டாயம், அதுவும் காதை முழுக்க மூடும் தரமான மஃப். ஷாட்கன் வெயிலில் நின்று ஆடுவது, அதனால் தொப்பி, சன் ஸ்க்ரீன், தோட்டா வைக்கும் பையுள்ள வெஸ்ட். புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் ஆடும், பறக்கும் தட்டைச் சுடும் ட்ராப் பிரிவில் ஒரு சுற்றுக்கு 25 தட்டு, தோட்டாவின் கனமே தனி. ரேஞ்சை விட்டுக் கிளம்பும் முன் எல்லா ஜிப்பையும் திறந்து, ஒரு தோட்டாகூட பையில் தங்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். அதே பையை அடுத்த வாரம் விமான நிலையத்துக்கு எடுத்துப் போனால் ஸ்கேனரில் அகப்படும், கைது வரை போகும்.

வந்து சேர்ந்த பிறகு ஏதோ மறந்தது தெரிந்தால்?

சேஃப்டி லைன் என்றால் பெட்டியையே திறக்காமல் ரேஞ்ச் அதிகாரியிடம் போய்ச் சொல்லுங்கள், அவரிடம் உபரி இருக்கும். பெல்லட், அடாப்டர், ஆலன் கீ பக்கத்து லேன்காரரிடம் தயங்காமல் கேட்கலாம், இந்த விளையாட்டில் யாரும் இல்லையென்று சொல்லிப் பார்த்ததில்லை. ஜாக்கெட்டை மட்டும் இரவல் வாங்காதீர்கள். வேறொருவர் உடம்புக்குத் தைத்த ஜாக்கெட் உங்களை வேறொரு நிலையில் நிற்கவைக்கும். அன்றைய பயிற்சி என்றால் ஜாக்கெட் இல்லாமலே, ஸ்டாண்டில் அடிக்கடி துப்பாக்கியை இறக்கி ஓய்வு கொடுத்து, 20 குண்டு மட்டும் சுட்டுவிட்டு வாருங்கள். போட்டி என்றால் கோச்சிடம் உடனே சொல்லுங்கள், வீட்டிலிருந்து யாராவது கொண்டுவர நேரம் இருக்கிறதா என்று அவர் பார்ப்பார்.